இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

வளைக்கும்போதுதான் கக்குகிறது ஒளியை.
நேராகப் போகிற எலக்ட்ரானிடம்
ஒன்றும் பெயராது.
ஐந்தில் வளையாதது என்று தொடங்கும் பழமொழிக்கு
இங்கே வேலையில்லை.
காந்தத்துக்குக் காந்தம் வளைந்தாக வேண்டும்,
நொடிக்குப் பதினேழரை லட்சம் சுற்று.
செக்குமாடு என்று குறிப்பேட்டில் எழுதி
அடித்துவிட்டேன்.
செக்குமாட்டையாவது இரவில் அவிழ்த்துவிடுவார்கள்.

சாஸ்கட்டூன், ஜனவரி, மைனஸ் முப்பத்தெட்டு.
வெளியே கார்கள் மூக்கில் மின்வயரோடு
ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாகப் படுத்திருக்கின்றன.
எனக்குக் கொடுத்தது மூன்று ஷிஃப்ட்.
கேட்டது ஒன்பது.

மாதிரி: ஒரு மைசூர் பருப்பு.
ஒன்றே ஒன்று.
ரோஸ்டவுன் பக்கம் டெல்மர் ஷ்ராடர் விளைத்தது.
காபி டப்பா நிறைய அள்ளிக் கொடுத்து,
"இரும்பு இருக்குங்கிறாங்க, எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றார்,
காணாமல் போன ஸ்பேனரைப் பற்றிச் சொல்வதுபோல.
முப்பது மைக்ரானுக்குச் சீவியபோது
பதினாறு பருப்பு நொறுங்கியது.
இது பதினேழாவது.

ஈயச் சுவர் அறைக்குள் யாரும் இல்லை என்று
மூலைக்கு மூலை நடந்து பொத்தான் அழுத்தி
எனக்கு நானே சாட்சி சொல்லிக்
கதவைச் சாத்தினேன்.
பழைய பிரிண்டர் காகிதம் தள்ளுவதுபோல்
வரி வரியாக இறங்கியது படம்.
தோலில் கால்சியம், வேலி போட்டாற்போல்.
துத்தநாகம் முளைக்கருவில் கெட்டியாகக் குடியிருந்தது.
இரும்பு மட்டும் பிடிகொடுக்கவில்லை,
அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளி,
கடன்காரனைக் கண்டவன் மாதிரி.

மூன்று பன்னிரண்டுக்குக் கற்றை விழுந்தது.
இருநூற்று இருபது மில்லி ஆம்பியர்,
பூஜ்யம்.
நடுவில் எந்த எண்ணையும் தொடவில்லை.
இருநூற்றுப் பதினொன்றாம் வரியில்
பருப்பு பாதியாக நின்றது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓரஸ்ட்:
"ஆர்.எஃப். கோளாறு. நாற்பது நிமிஷம்.
சாப்பிட்டாச்சா?"

தெர்மாஸைத் திறந்தேன்.
அதற்குள்ளும் மைசூர் பருப்புதான், சாம்பாராக.
பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில்
கனடா விளைச்சல் என்று போட்டிருந்தது.
ஒற்றைப் பருப்பை இருபத்துநான்கு மணி நேரம்
உற்றுப் பார்க்க வந்தவள்
ஐந்து நிமிஷத்தில் முந்நூறை விழுங்கினேன்,
எதன் இரும்பு எங்கே என்று கேட்காமல்.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
வெள்ளை முயலொன்று பனியில் உட்கார்ந்திருந்தது.
காதின் கறுப்பு நுனி மட்டும் இல்லையென்றால்
பார்த்திருக்கவே மாட்டேன்.

நாலேகாலுக்குக் கற்றை திரும்பியது.
அதற்குள் அறை அரை டிகிரி ஆறிப்போய்
மேடை ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது.
இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி
பக்கத்து வரியோடு ஒட்டவில்லை.
முளைக்கருவின் குறுக்கே ஒரு பிசகு.
அதற்குக் கீழே, மூன்றே வரி தள்ளி,
இரும்பு. மெல்லிய வளையமாக,
மொத்தமாக.

மறுபடி முதலிலிருந்து ஓட்டலாம்.
ஓட்டினால் தோல் நீக்கிய பருப்புக்கு நேரம் இருக்காது.
டொரான்டோவிலிருந்து நிவேத் எழுதினான்:
மென்பொருளில் நகர்த்திவிடு, யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும் என்று எழுதி
அனுப்பாமல் அழித்தேன்.
அடுத்த பருப்பை ஏற்றினேன்.

ஐந்தரைக்குப் படத்தை டெல்மருக்கு அனுப்பினேன்.
விழித்துத்தான் இருந்தார்.
"இரும்பு கெடக்கட்டும், நடுவுல என்ன கோடு?"
கற்றை நின்றுபோச்சு என்றேன்.
கொஞ்ச நேரம் பதில் இல்லை.

பிறகு ஒரு படம் வந்தது, ஜூன் மாதத்தது,
டிராக்டர் கூரைமேல் ஏறி எடுத்தது போலிருக்கிறது:
கண்ணுக்கெட்டிய பச்சை வரிகள்,
ஓர் இடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரு கை அகலம் விலகி.

"வெதைக்கும்போது காபி குடிக்க எறங்கினேன்" என்றார்.
"அங்கயும் மொளச்சுதான் இருக்கு."